மூன்று கால்களுக்கு ரப்பர்

என் கையால் செய்த பொருளில் குறை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். முப்பது வருடமாக லேத் பட்டறை நடத்துகிறேன். நான் கடைந்து கொடுத்த ஷாஃப்ட் உடைந்துவிட்டது என்று ஒருவன் வந்து நின்றால், கோளாறு அவன் மெஷினில்தான் என்று நிரூபித்து அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அப்படிப்பட்ட நான், என் வேலையில் ஏதாவது தப்பு இருந்துவிடக் கூடாதா என்று ஒரு வாரம் முழுக்க ஏங்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் என் அக்காவால்தான்.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். “மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க” என்று ஆயிரக்கணக்கான பேரிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் தானே மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்காரும் ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டாள். துப்பாக்கி சுடும் கிளப்பில் பத்து வருடமாக உறுப்பினர். மேசை மேல் ஒரு ஸ்டாண்டை வைத்து, ரைஃபிளின் முன்பக்கத்தை அதில் கிடத்தி, பின்பக்கத்தைத் தோளோடு அணைத்து, ஐம்பது மீட்டர் தள்ளி மாட்டியிருக்கும் அட்டையைச் சுட வேண்டும். அட்டைக்கு ஐந்து குண்டு. ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுகிறதோ அவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

அந்த ஸ்டாண்டைச் செய்தது நான். ஏழு கிலோ இரும்பு, மூன்று கால்கள், ஒவ்வொரு காலின் அடியிலும் கூர்மையான ஒரு திருகு. பழைய மர மேசையில் அந்தக் கூர் நச்சென்று பதிந்து நிற்கும். மலையே ஆடினாலும் அது ஆடாது என்று நானே பெருமையடித்துக்கொள்வேன்.

போன வருடக் கடைசியில் அக்காவுக்குக் கழுத்து நரம்பில் ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதம் படுக்கை. அவள் எழுந்து நடமாடுவதற்குள் கிளப்பில் மர மேசைகளைத் தூக்கிவிட்டு வழவழவென்று கருங்கல் பலகைகளைப் போட்டுவிட்டார்கள். நரம்புக் கோளாறால் மரத்துப்போயிருந்த அவளுடைய வலது கை தொண்ணூறு சதவீதம் திரும்பிவிட்டது என்றார் டாக்டர். மிச்சம் பத்து எப்போது வரும் என்று கேட்டேன். பதிலுக்குச் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அக்கா கிளப்புக்குத் திரும்பிப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை, அட்டையில் கோழி கிளறிய மாதிரி ஐந்து ஓட்டைகள் இருந்தன. திருகின் கூர் கல்லில் கிறீச்சென்று நகர்ந்ததை நானே பார்த்தேன். சரி, கல்லுக்கு ரப்பர் பாதம்தான் வேண்டும், இதென்ன பெரிய வித்தை என்று சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினேன். அடுத்த வாரமும் நகர்ந்தது. பாத்ரூம் விரிப்பை வெட்டி ஒட்டினேன். அதற்கு அடுத்த வாரமும் நகர்ந்தது. செருப்பு அடியில் போடும் தடித்த பஞ்சு ரப்பரை வைத்ததும், ஸ்டாண்ட் நகர்ந்ததோடு நிற்காமல் படகு மாதிரி ஆடவும் ஆடியது. பக்கத்து மேசைக்காரர்களோ கடையில் வாங்கிய ஸ்டாண்டை வைத்துக்கொண்டு, அதே கல்லில், நிம்மதியாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அக்காவின் கையைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அக்கா ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். மாடி அறையில்தான் அவள் இருக்கிறாள். எழுதுவது, படிப்பது எல்லாம் எங்கள் மேசையில்தான். எட்டிப் பார்த்தேன். கிளப் செயலாளருக்கு இரண்டே வரி. உறுப்பினர் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறாளாம்.

“விட்டுடறேன்டா. வர்ற ஞாயித்துக்கிழமை போய் கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துடலாம்” என்றாள்.

“நாலு குண்டு தப்பினா விட்டுடறதா? இதுக்கு முன்னாடி நீ தப்பா சுட்டதே இல்லையா?”

“சுட்டிருக்கேன். ஆனா தப்பும்போதே எனக்குத் தெரியும். அட்டை கைக்கு வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன், மூணாவது இடது பக்கம் போயிருக்கும்னு. அதே மாதிரி இருக்கும். இப்ப நல்லா சுட்டேன்னு நினைக்கிற குண்டு எங்கயோ மூலையில கிடக்கு. போச்சுன்னு நினைச்சது நடுவுல இருக்கு. என் கை என்ன பண்ணுதுன்னு எனக்கே தெரியலைடா.” பேனாவை மூடினாள். “பயமா இருக்கு.”

என் அக்கா பயம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதுகூட எனக்குத்தான் தைரியம் சொல்லிவிட்டுப் போனாள்.

“ஸ்டாண்ட் வழுக்குதுக்கா. அவ்வளவுதான் விஷயம்.”

“எல்லாருக்கும் அதே கல்லுதானே? அவங்களுக்கு வழுக்கலையே. நான்தான் என்னையறியாம தோளால தள்ளறேன் போல இருக்கு.”

“அப்ப வேற மேசையில உட்கார்ந்து பாரு.”

“பத்து வருஷமா நாலாம் நம்பர்ல உட்கார்ந்தவ, இப்ப இடத்தைக் குத்தம் சொல்லிட்டு அடுத்த மேசைக்குப் போறதா? அதை விட வீட்டுல இருக்கலாம்” என்றாள். பிடிவாதத்தில் அவள் எனக்கு மூத்தவள்.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடு, நல்ல ரப்பராகப் பார்த்துப் போடுகிறேன், அப்புறமும் சரியாகவில்லை என்றால் நானே வண்டியில் கூட்டிக்கொண்டுபோய்க் கடிதத்தைக் கொடுக்க வைக்கிறேன் என்று வாயை விட்டேன். கழுத்து ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வீட்டை விட்டு வெளியே போவதே அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம்தான். அதுவும் போய்விட்டால் மாடியிலேயே முடங்கிவிடுவாள். கோளாறு ஸ்டாண்டில் இருந்தால் நான் சரிசெய்துவிடுவேன். அவள் கையில் இருந்தால் என்னிடம் அதற்கு எந்த லேத்தும் இல்லை.

திங்கட்கிழமையே வேலையை ஆரம்பித்தேன். சமையலறை மேடையும் கல்தானே? அதன் மேல் ஸ்டாண்டை ஏற்றி, காலில் கம்பியைக் கட்டி, ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பார்த்தேன். எத்தனை கிலோ இழுப்புக்கு நகர்கிறது என்று ஒரு தாளில் குறித்தேன். அங்கேதான் வேடிக்கை. டியூபும் பிடித்தது, பாத்ரூம் விரிப்பும் பிடித்தது. ஐந்து கிலோ இழுத்தும் அசையவில்லை. அதே பாதங்கள் கிளப்பில் மட்டும் ஐஸ் மேல் வைத்த மாதிரி ஓடின. அப்படியென்றால் அக்கா ஐந்து கிலோவுக்கு மேல் தள்ளுகிறாளா? அந்த நினைப்பே எனக்குக் கசந்தது. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு மறுபடி இழுத்தேன்.

என் மனைவி அரிந்த வெங்காயத்தை வைக்க இடமில்லாமல் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

“உங்க அக்காவுக்காக பாத்ரூம் விரிப்பை வெட்டினீங்க, சரி. சமையல் மேடையையும் எடுத்துக்கிட்டீங்க, சரி. நாளைக்கு நான் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா எனக்கு யாரு ரப்பர் தேடப் போறாங்க?”

“இப்ப கிண்டல் பண்ற நேரமா?”

“கிண்டல் இல்லைங்க. ரப்பர் வேணும்னா ரப்பர் விக்கிறவங்களைக் கேக்கணும். என் பாத்திரம் தேய்க்கிற இடத்தைக் கேட்டா என்ன தெரியும்?”

முகத்தில் அடித்தாற்போல் இருந்தாலும் அவள் சொன்னது நியாயம். புதன்கிழமை பட்டறையைப் பூட்டிவிட்டு ரப்பர் ஷீட் கடைக்குப் போனேன். நீளமான இருட்டுக் கடை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கறுப்புச் சுருள்கள் நின்றன. கல்லாவில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்ட ஓர் அம்மாள் உட்கார்ந்து மெஷின் மூடிகளுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் வெட்டிக்கொண்டிருந்தார்.

“வழுக்காத ரப்பர் வேணும்” என்றேன்.

“எதுக்கு மேல வழுக்காம?”

“கல்லு மேல.”

“என்ன கல்லு? ஈரமா, காய்ஞ்சதா, எண்ணெய் படுற இடமா?”

“காய்ஞ்ச கல்லும்மா. துப்பாக்கி ஸ்டாண்டுக்கு அடியில மூணு துண்டு. அவ்வளவுதான்.”

துப்பாக்கி என்றதும் மற்றவர்கள் ஒரு அடி பின்னால் போவார்கள். அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிவிட்டு, நான் கொண்டுபோயிருந்த பழைய பாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார், மோந்து பார்த்தார், நகத்தால் அழுத்தினார். பஞ்சு ரப்பரை மட்டும் எடுத்து ஓரமாக எறிந்தார்.

“இது மெத்தை. இதுல உட்கார்ந்தா யாருக்கும் ஆடும். மத்த ரெண்டும் ஒண்ணும் மோசமில்லை சார். வீட்டுல பிடிச்சிருக்குமே?”

“வீட்டுல பிடிக்குது. அங்க பிடிக்கலை.”

“அப்ப ஏன் ரப்பரைப் போட்டுத் திட்டறீங்க? பிடிக்கிறதுங்கிறது ரெண்டு பேர் வேலை சார். ரப்பர் பிடிக்கணும், கல்லும் கொடுக்கணும். அந்தக் கல்லைப் போய்த் தொட்டுப் பாத்தீங்களா?”

நான் தொட்டுப் பார்க்கவில்லை. மூன்று வாரமாக ஸ்டாண்டின் காலையே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவன், அது நிற்கும் கல்லை ஒரு தடவை கூடத் தடவிப் பார்க்கவில்லை. அசடு வழிய நின்றேன்.

“சாதாரண டேப் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. ஒட்டி உரிச்சுப் பாருங்க. டேப் ஒட்டாத இடத்துல எந்த ரப்பரும் நிக்காது” என்றார். பிறகு ஒரு சுருளைப் பிரித்து மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ஒரு துண்டு வெட்டினார். “கண்ணாடி அறுக்கிறவங்க மேசையில விரிக்க வாங்கற ஷீட் இது. இதை விட தடிமனா போட்டா ஆடும். புது ஷீட்ல பவுடர் இருக்கும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம இருக்கத் தூவுறது. சோப்பு போட்டுக் கழுவிட்டு மாட்டுங்க. மறந்துட்டு அப்புறம் வந்து என் ரப்பரைத் திட்டக் கூடாது.”

சும்மா சொல்லக்கூடாது, என்னைப் போலவே ஒருத்தர்.

வியாழக்கிழமை காலை கிளப் காலியாக இருந்தது. ஐந்தாம் மேசையில் டேப்பை ஒட்டினேன். நகத்தால் நெம்பித்தான் உரிக்க முடிந்தது. மூன்றாம் மேசையிலும் அப்படியே. நான்காம் மேசையில் ஒட்டிய துண்டு தானாகவே சுருண்டு தரையில் விழுந்தது. விரலால் தடவினேன். ஏதோ ஒரு வழுவழுப்பு விரலோடு வந்தது.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அறுபது வயது மனுஷியை, பிழைத்து எழுந்து வந்தவளை, எவனோ வேண்டுமென்றே இப்படிப் படுத்துகிறான் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் இன்று ஒரு கை பார்த்துவிடுவது என்று திரும்பினால், கையில் ஒரு டின்னும் மஞ்சள் துணியுமாகக் கமாண்டர் வந்துகொண்டிருந்தார்.

கமாண்டர் என்பது நாங்கள் வைத்த பெயர். கிளப்பின் காவலாளி. அட்டை மாட்டுவது, எடுப்பது, ‘தயார்’, ‘சுடலாம்’, ‘நிறுத்து’ என்று குரல் கொடுப்பது எல்லாம் அவர்தான். அவர் சொல்லாமல் அங்கே ஒரு குண்டு வெடிக்காது.

“இந்த மேசையில யாரு என்னத்தைத் தடவறது?” என்று கத்தினேன்.

அவர் முகம் மலர்ந்தது. “கண்டுபிடிச்சுட்டீங்களா சார்? நான்தான். மெழுகு பாலிஷ். மேடம் படுத்திருந்த மூணு மாசமும் இந்த மேசையில ஒருத்தரையும் உட்கார விடலை. கல்லு போட்ட அன்னிக்கே நாலாம் நம்பர் மேடமுக்குன்னு செயலாளர்கிட்ட சொல்லிட்டேன். மத்த மேசையெல்லாம் ஈரத் துணியால துடைக்கிறதோட சரி. இதுக்கு மட்டும் வாரா வாரம் வியாழக்கிழமை மெழுகு போட்டுத் தேய்ப்பேன். அவங்க திரும்பி வந்து உட்காரும்போது முகம் தெரியணும் சார், அப்படி இருக்கணும்.”

குனிந்து பார்த்தேன். என் முகம் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது, மூக்கு விடைத்துக்கொண்டு.

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். முப்பது வருடத்தில் நான் அப்படி விழுங்கியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். அக்காவுக்காக இந்த மனிதர் காட்டிய அக்கறை அவளுடைய கையையே அவள் சந்தேகிக்க வைத்திருக்கிறது. அதை இவரிடம் எப்படிச் சொல்வது?

“கமாண்டரே, ஒரு சின்ன உதவி. ஸ்டாண்டுக்கு நான் வாங்கின ரப்பர் கொஞ்சம் மட்டமான சரக்கு. மெழுகு இருந்தா அதுக்கு ஒத்துக்காதாம். இதை எடுத்துடலாமா?”

“பாத்து நல்லதா வாங்கக் கூடாதா சார்?”

“புத்தியில்லை. வாங்கிட்டேன்.”

பட்டறைக்குப் போய் எடுத்துவந்த பெயிண்ட் தின்னரையும், அவர் காய்ச்சிக் கொடுத்த வெந்நீரையும், சோப்பையும் வைத்துக்கொண்டு இருவரும் எதிரும் புதிருமாக நின்று தேய்த்தோம். பல வாரத்து மெழுகு, லேசில் போகவில்லை. துணி மேல் துணி மாற்றினோம். பாதி வேலையில் அவர் கை நின்றது.

“சார், மேடம் இப்ப முன்ன மாதிரி சுடலைன்னு இங்க பேசிக்கிறாங்க.” அவர் கல்லையே பார்த்தார். “இதனாலயா?”

“சேச்சே. ரப்பர்தான். சொன்னேனே.”

அவர் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார், முன்னைவிட அழுத்தமாக. டேப் நன்றாக ஒட்டும் வரை நாங்கள் விடவில்லை. போகும்போது மெழுகு டின்னைத் தானாகவே குப்பைத் தொட்டியில் போட்டார். பாதி டின்னுக்கு மேல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கைப்பையில் கடிதத்தை வைத்துக்கொண்டுதான் வந்தாள். ரப்பர் கிடைத்துவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தேன். “பாக்கலாம்” என்றாள், அவ்வளவுதான். மூன்று கால்களுக்கும் பட்டறையில் கிண்ணம் மாதிரி கடைந்து, அதில் ரப்பர் வட்டங்களைப் பதித்திருந்தேன். சோப்பு போட்டுக் கழுவினேனா என்று என் மனைவி இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ஸ்டாண்டை வைத்ததும் ஒவ்வொரு பாதத்தைச் சுற்றியும் கல்லில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

“தயார்” என்றார் கமாண்டர். அவர் குரல் வழக்கத்தைவிட மெல்லியதாக இருந்தது. “சுடலாம்.”

நான் அட்டையைப் பார்க்கவில்லை. கோட்டையே பார்த்தேன். முதல் குண்டு. பாதம் கோட்டுக்குள் இருந்தது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. மயிரிழை கூட நகரவில்லை. எழுந்து கூத்தாடலாம் போல இருந்தது, ஆனால் உடனே வேறொரு நினைப்பு வந்து என்னை உட்கார வைத்தது. இனி ஸ்டாண்டைச் சொல்ல முடியாது, கல்லைச் சொல்ல முடியாது. அட்டை மோசமாக இருந்தால் அது அக்காவின் கை மட்டும்தான். அந்தப் பாழாய்ப்போன மெழுகு இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு நொடி நினைத்துவிட்டேன்.

ஐந்தாவது குண்டு வெடித்தபோது அவள் தோள் லேசாக வெட்டியது. நான் பார்த்துவிட்டேன். அவள் ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டு, காதில் அடைத்திருந்ததை எடுத்தாள்.

கமாண்டர் அட்டையை எடுத்துக்கொண்டு நடந்து வருவதற்குள், யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னாள். “நாலு சேர்ந்து இருக்கும். அஞ்சாவது கீழ, வலது பக்கம், வெளி வளையத்துக்குப் பக்கத்துல.”

அவர் அட்டையைக் கொடுக்கத் தயங்கினார். “நாலு நல்லா வந்திருக்கு மேடம். ஒண்ணு மட்டும்...”

அக்கா வாங்கி மேசையில் வைத்தாள். நான்கு ஓட்டைகளும் ஒரு கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கியிருந்தன. ஐந்தாவது அவள் சொன்ன இடத்தில், கீழே, வலது பக்கம், வெளி வளையத்தை ஒட்டி இருந்தது. அவள் அதன் மேல் விரலை வைத்தாள். டாக்டர் சொல்லாமல் விட்ட அந்தப் பத்து சதவீதம் அங்கேதான் இருந்தது, பட்டவர்த்தனமாக. என்னால் தாங்க முடியவில்லை.

“அக்கா, அந்த அஞ்சாவதுக்கு ஸ்டாண்ட் கொஞ்சம் அசைஞ்சுது. நான் பாத்தேன். நான்தான் கிண்ணத்தைச் சரியா கடையலை போல இருக்கு.”

அவள் பென்சில் கோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான்கு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் முகத்தில் பழைய அதட்டல் வந்தது.

“சும்மா இருடா. உன் ஸ்டாண்ட் நகரவே இல்லை. விரலை இழுத்துட்டேன், அந்த இழுப்பு எனக்குத் தெரிஞ்சுது. மோசமான குண்டுதான், ஆனா அது என்னுது. அதை நீ எடுத்துக்காதே.” கமாண்டர் பக்கம் திரும்பினாள். “இன்னொரு அட்டை மாட்டுங்க.”